பதினொன்று பத்து முதல் பதினொன்று நாற்பது வரை

போன வாரம் சீல் அக்காவைத் திட்டி வந்த கடிதங்களை அடுக்கினால் ஒரு தலையணை உயரம் தேறும். "படித்தவள் செய்கிற வேலையா இது?" என்று ஒருவர். "அவளை உடனே வேலையை விட்டுத் தூக்குங்கள்" என்று இன்னொருவர், ஏதோ நான்தான் அந்த வங்கியின் தலைவர் மாதிரி. கொஞ்சம் பொறுங்கள். இன்றைக்கு அதுவும் நடக்கலாம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு சில வரிகள். சீல் அக்கா வங்கியில் கடன் பிரிவு அதிகாரி. சீல் சரியாக விழாத காகிதத்தை யார் கொண்டு வந்தாலும் திருப்பி அனுப்புவாள். அதனால் அந்தப் பெயர். அவளுடைய ஒரே தம்பி அட்டைப்பெட்டி செய்யும் ஷெட் வைத்திருக்கிறான். ஆறு வருஷத்துக்கு முன் அதே வங்கியில் தொழில் கடன் வாங்கினான். அவன் மனைவி ஜாமீன் கையெழுத்துப் போட்டு, தன் அப்பா தனக்கு விட்டுப்போன வீட்டின் பத்திரத்தையும் கொடுத்தாள். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். புகுந்த வீட்டில் அவளுக்குப் பெயரே எக்ஸ்ரேதான்.

கடன் தவணை நின்று ஒரு வருஷம் ஆகிறது. வங்கி வீட்டைக் கேட்கிறது. இன்று மூன்று மணிக்கு விசாரணை.

இதற்கு நடுவில் மூன்று வாரத்துக்கு முன்னால் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. குடும்பத்துக்குள் ஒருவருக்காக ஒருவர் ஜாமீன் போட்டால், வங்கி அவரைத் தனியாக உட்காரவைத்து, கடன் வாங்குபவர் இல்லாத அறையில், 'கடன் நின்றால் உன் வீடு போகும்' என்று புரியும்படி சொல்லியிருக்க வேண்டும். சொன்னதாகப் படிவம் மட்டும் இருந்தால் போதாது. சொல்லவில்லை என்று தெரிந்தால் ஜாமீன் செல்லாது. சொல்லாமலே சொன்னதாகச் சான்று எழுதிய அதிகாரி அதற்குச் சொந்தப் பொறுப்பு.

எக்ஸ்ரேயின் படிவத்தில் சான்று எழுதிய அதிகாரி யார் என்பதைப் போன வாரம் கடைசி வரியில் சொல்லி உங்கள் வாயில் விழுந்தேன். சீல் அக்காதான்.

காலை ஒன்பதே முக்காலுக்கு அக்காவின் மேஜையில் தலைமை அலுவலகச் சுற்றறிக்கை கிடந்தது. ஒவ்வொரு அதிகாரியும் தான் எழுதிய பழைய விளக்கச் சான்றுகளை மறுபடி உறுதிசெய்து கையெழுத்திட வேண்டும். கூடவே அவள் எழுதிய சான்றுகளின் பட்டியல். மொத்தம் நாற்பத்தொன்று.

நாற்பதுக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். வாசலில் கணவன் முறைத்துக்கொண்டு நின்றபோதும் கதவைச் சாத்திவிட்டு மனைவிக்கு வரிவரியாகப் படித்துக் காட்டியவள். இரண்டு பெண்கள் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடாமல் எழுந்து போயிருக்கிறார்கள். கிளை மேலாளர் அதற்காக அவளைக் கடிந்துகொண்டதும் உண்டு. அவள் அசரவில்லை.

நாற்பத்தொன்றாவது வரியில் தம்பி மனைவியின் விவரம். திங்கட்கிழமை. விளக்கம் தொடங்கிய நேரம் பதினொன்று பத்து. முடிந்த நேரம் பதினொன்று நாற்பது. இடம், கிளையின் சிறிய அறை. எல்லாம் அவள் கையெழுத்தில், முத்து முத்தாக.

சட்டப் பிரிவு அதிகாரி வந்து எதிரில் உட்கார்ந்தார். நல்ல மனிதர். யாருடைய தலையை வெட்டுவதானாலும் முதலில் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு வெட்டுவார்.

"மேடம், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. அந்த நாப்பத்தொண்ணாவது கேஸ்ல எங்களுக்கு ஒரு கவலை இருந்தது. உங்க சொந்தக்காரங்களுக்கு நீங்களே சான்று எழுதியிருக்கீங்க..."

"அன்னைக்கு எழுத வேண்டியவர் லீவு. பழைய மேனேஜர் என்னையே முடிச்சிடச் சொன்னார்."

"தெரியும். அதான் ஒரு சாட்சி இருந்தா நல்லா இருக்குமேன்னு பார்த்தோம். கிடைச்சிடுச்சு."

காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நேற்றைய தேதி. 'என் மனைவிக்கு அதிகாரி தனி அறையில் விளக்கியபோது, நான் அறைக்கு வெளியே நாற்காலியில் காத்திருந்தேன். சுமார் அரை மணி நேரம் ஆனது.' கீழே அவள் தம்பியின் கையெழுத்து. பக்கத்தில் வங்கியின் சீல், கோணாமல் நேராக.

"புருஷனே சொன்னா அப்புறம் யார் பேச முடியும்?" என்றார் அவர். "மத்தியானம் நீங்க வந்து 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கொஞ்சம் தண்ணி குடிங்க மேடம், முகம் வாடியிருக்கு."

அக்கா தண்ணீர் குடித்தாள். அவளுக்கு வேலை முடிய இன்னும் இரண்டு வருஷம் நாலு மாதம் இருந்தது. பொய்ச் சான்று என்று ஆனால் வேலை போகும், ஓய்வூதியம் போகும். அதற்கு மேல் வழக்கும் வரும். கல்யாணம் செய்துகொள்ளாதவள். அந்த ஓய்வூதியத்தைத் தவிர அவளுக்கு வேறு துணை கிடையாது.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த நிம்மதி வந்ததற்காகத் தன் மேலேயே அருவருப்பு வந்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அட்டைப்பெட்டி ஷெட்டில் மூன்று மெஷின்களில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஈரப் பசை வாசனை மூக்கைத் துளைத்தது. தம்பி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மடிக்காத அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் சிரித்தான்.

"பார்த்தியா? உன்னக் காப்பாத்திட்டேன்."

"யார் கேட்டா உன்ன?"

"யாரும் கேக்கணுமா? என்னைப் படிக்க வெச்சவ நீ. உனக்கு ஒண்ணுன்னா நான் சும்மா இருப்பேனா?"

"பேப்பர்ல பொய் எழுதிக் குடுத்திருக்கடா."

"நீ எழுதலையா?"

உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்விக்கு ஆறு வருஷமாகவே அவளிடம் பதில் இல்லை.

அன்று நடந்தது இதுதான். அது திங்கட்கிழமையும் இல்லை, வங்கியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, தம்பி வீட்டு இஸ்திரி மேஜை. எக்ஸ்ரே மறுநாள் வேலைக்குப் போட வேண்டிய வெள்ளைக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா காகிதக் கட்டைப் பிரித்துவிட்டு, வழக்கம் மாறாமல், "தம்பி, நீ அஞ்சு நிமிஷம் வெளிய இரு" என்றாள்.

தம்பி முகம் தொங்கிப்போயிற்று. "என் பொண்டாட்டிகிட்ட நான் இல்லாம என்ன சொல்லப் போற? என்ன நம்ப வேணாம்னா?" என்று கேட்டான்.

வேறு எந்தக் கணவன் கேட்டிருந்தாலும் கதவைக் காட்டியிருப்பாள். இவன் கேட்டதும், சிறுவயதில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும் முகம் ஞாபகம் வந்துவிட்டது. அப்பா அம்மா போனபோது அவனுக்குப் பதினொரு வயது. அந்த முகத்துக்கு அவள் அன்றும் தோற்றாள், அதற்கப்புறமும் தோற்றாள். "சரி விடு" என்றாள். எக்ஸ்ரே ஒரு கையில் சூடான இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி, மறு கையால் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் பதினொன்று நாற்பதுக்கு, ஆளில்லாத சிறிய அறையில் உட்கார்ந்து, அக்கா நேரத்தை எழுதினாள்.

"அத வாபஸ் வாங்குடா," என்றாள் இப்போது. "ஒரு போன் பண்ணிச் சொன்னாப் போதும். இன்னும் பதிவாகல."

"வாங்கினா என்ன ஆகும்?"

"அவ ஜாமீன் செல்லாது. வீடு தப்பும்."

"ஷெட்?"

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுக்கா. ஜாமீன் போச்சுன்னா பேங்க் எங்க வரும்? இங்கதான வரும்? மூணு மெஷினையும் தூக்கிட்டு, கதவுக்குச் சீல் வெப்பான். அதுக்கப்புறம் நான் என்ன பண்றது? வீடு போனா வாடகைக்குப் போயிக்கலாம். தொழில் போனா சோறு ஏது?"

இப்போது புரிகிறதா? காப்பாற்றியது அக்காவை அல்ல.

"அது அவ வீடுடா."

"அவ வீடுன்னா என் வீடு இல்லையா? கல்யாணம் ஆகிப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் அவ வீடு, என் வீடுன்னு பிரிச்சுப் பேசணுமா?"

"சரி. பிரிக்க வேணாம். இந்த ஷெட்ல அவளுக்குப் பங்கு எழுதியிருக்கியா?"

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் மறுபடியும் அட்டைகளை எண்ணத் தொடங்கினான். முதலிலிருந்து.

"அவளுக்குத் தெரியுமா, நீ இத எழுதிக் குடுத்தது?"

"எல்லாம் முடிஞ்சதும் நானே சொல்லிக்கிறேன். நீ போய் 'ஆமா'ன்னு சொல்லிட்டு வா. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"அவளுக்கு?"

"அவ பொறுத்துப்பா," என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் பெருமைகூட இருந்தது. நல்ல மனைவி வாய்த்தவன் பேசுகிற பேச்சு. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கை துறுதுறுத்தது.

இந்தப் பக்கம், ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் எக்ஸ்ரே காலையிலிருந்து பதினேழு பேரிடம் ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டாள்.

"மூச்ச நல்லா இழுங்க. பிடிச்சுக்கங்க. அசையாதீங்க. ம்... விடுங்க."

அவளே ஒரு வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். வங்கியின் முதல் நோட்டீஸ் வீட்டுக் கதவில் ஒட்டப்பட்ட நாள் முதல், மகள் பள்ளியிலிருந்து வரும் முன்பே தினமும் கதவைப் பார்த்துவிடுவாள். கணவன்மேல் அவளுக்குக் கோபம் இருந்தது; சந்தேகம் இருந்ததில்லை. தொழிலில் தோற்றவன் என்று நினைத்தாள். தோற்பது குற்றமில்லை என்றும் நினைத்தாள். காலையில்கூட அவன், "நீ எதுவும் பேச வேணாம். அக்கா பார்த்துக்கும். நானும் வந்துடறேன்" என்று தோளில் தட்டிவிட்டுப் போயிருந்தான்.

ஆனாலும் தன் தலைக்குத் தானே குடை பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் வங்கி தன் வக்கீலுக்கு அனுப்பிய சான்றின் நகலில் தேதியையும் நேரத்தையும் பார்த்ததும், மேற்பார்வையாளரிடம் போன வாரமே எழுதிக் கொடுத்து, ஆறு வருஷத்துக்கு முந்தைய பதிவேட்டின் ஒரு பக்கத்தை நகல் கேட்டிருந்தாள். இன்று மத்தியானம் அது கைக்கு வந்தது.

அதே திங்கட்கிழமை. காலை ஒன்பதரை முதல் ஒரு மணி வரை எடுத்த படங்கள். பதினொன்று எட்டுக்கு ஒரு மணிக்கட்டு. பதினொன்று இருபத்தொன்றுக்கு ஒரு மார்பு. பதினொன்று முப்பத்தாறுக்கு ஒரு குழந்தையின் கால். ஒவ்வொன்றின் எதிரிலும் அவள் சுருக்கொப்பம். வங்கியின் சிறிய அறையில் அவளுக்கு 'விளக்கம்' நடந்துகொண்டிருந்த நேரத்தில், அவள் இங்கே அழுகிற குழந்தையின் காலை நேராகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். இது ஒன்று போதும், வீடு பிழைத்துவிடும். நாத்தனாரின் கழுத்தும் இது ஒன்றிலேயே போய்விடும். அவளுக்குச் சந்தோஷமாக இல்லை.

இரண்டே முக்காலுக்கு விசாரணை அலுவலகத்தின் இரண்டாவது மாடி நடையில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. மேலே ஒரு கடிகாரம். சட்டப் பிரிவு அதிகாரி கோப்பைப் பதிவு செய்ய உள்ளே போயிருந்தார்.

"சாப்ட்டியா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. நீங்க?"

"இல்ல."

நம் குடும்பங்களில் எந்தப் போரும் இப்படித்தான் தொடங்குகிறது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் எக்ஸ்ரே. "அந்தத் திங்கக்கிழமை நான் டூட்டில இருந்தேன்னு காட்ட என்கிட்ட பேப்பர் இருக்கு. எடுத்துக் குடுத்தா நீங்க பொய் சொல்லி மாட்டினதா ஆகும். நீங்களே சொல்லிட்டா, ஒத்துக்கிட்டதா ஆகும். அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்காம். வக்கீல் சொன்னார்."

"வித்தியாசம் இருக்கு," என்றாள் அக்கா. அவளுக்குத் தெரியாத விதியா? ஒத்துக்கொண்டால் ஓய்வூதியத்தில் பாதியாவது மிஞ்சலாம், உறுதியில்லை.

"நான் உங்கள மிரட்டல."

"தெரியும்."

"அன்னைக்கு அவர வெளிய போகச் சொன்னீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. அப்புறம் ஏன்க்கா விட்டீங்க? அஞ்சு நிமிஷம் நீங்க சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன். கேட்டுட்டுப் போட்டிருப்பேனோ, போடாம இருந்திருப்பேனோ. ஆனா கேட்டிருப்பேன்."

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, தம்பி எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பற்றி இவளிடம் எப்படிச் சொல்வது என்ற பயம் பெரிதாக இருந்தது.

"இங்க பாரு, உன் வீட்டுக்காரன்..." என்று தொடங்கினாள்.

"வந்துடறேன்னு சொன்னார். டிராபிக்கா இருக்கும்."

அப்போது கதவு திறந்து, பியூன் அவர்களை உள்ளே கூப்பிட்டார். சொல்ல வேண்டியதை இரண்டாவது தடவையாக அக்கா சொல்லாமல் விட்டாள்.

விசாரணை அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மேஜைக்கு இடது பக்கம் வங்கிக்கு மூன்று நாற்காலி, வலது பக்கம் ஜாமீன் போட்டவருக்கு மூன்று நாற்காலி. எக்ஸ்ரே வலது பக்கம் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் கணவனுக்காகப் பையை வைத்து இடம் பிடித்தாள். வக்கீல் பின்னால் உட்கார்ந்தார்.

மூன்று ஐந்துக்குத் தம்பி வந்தான். தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு, மாப்பிள்ளை மாதிரி. எக்ஸ்ரே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்க்காமல் நடந்து, இடது பக்கம் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அது பேங்க் பக்கம்ங்க," என்றாள் எக்ஸ்ரே மெதுவாக. பாவம், அவன் தெரியாமல் உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்தாள்.

"இவர் எங்க சாட்சி," என்றார் சட்டப் பிரிவு அதிகாரி.

விசாரணை அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலில் அக்காவின் சான்றைப் படித்தார். பிறகு தம்பியின் அறிக்கையைப் படித்தார். நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழும்படி படித்தார். 'நான் அறைக்கு வெளியே நாற்காலியில் காத்திருந்தேன்.'

எக்ஸ்ரே அழவில்லை. கணவனை ஒரு முறை பார்த்தாள். எலும்பு முறிந்திருக்கிறது என்று தெரிந்தும், டாக்டர் சொல்லும்வரை நோயாளியிடம் ஒன்றும் சொல்லாமல் இருக்கும்போது அவளுக்கு வருகிற முகம் அது. மடியில் இருந்த பையைத் தரையில் வைத்தாள்.

"அதிகாரி சொல்லுங்க," என்றார் விசாரணை அதிகாரி. "இந்தச் சான்று நீங்க எழுதினதா?"

"ஆமா."

"இதுல சொல்லியிருக்கிற மாதிரி, இவங்களத் தனியா உக்கார வெச்சு விளக்கினீங்களா?"

தம்பி தொண்டையைக் கனைத்தான். சட்டப் பிரிவு அதிகாரி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். அக்கா அதைத் தொடவில்லை.

"இல்ல."

"என்ன?"

"விளக்கல மேடம். இவங்க அன்னைக்கு பேங்குக்கே வரல. கையெழுத்து வாங்கினது அதுக்கு முந்தின நாள், வீட்ல, இஸ்திரி மேஜை மேல. ஒரு வரிகூடப் படிச்சுக் காட்டல. நேரம் நான் சும்மா எழுதினது."

"மேடம்!" என்றார் சட்டப் பிரிவு அதிகாரி. நல்ல மனிதருக்கு முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது.

"நாப்பது பேருக்கு ஒழுங்காச் செஞ்சேன்," என்றாள் அக்கா. யாரும் கேட்காமலே சொன்னாள். "இவ நம்ம வீட்டுப் பொண்ணுதானேன்னு விட்டுட்டேன்."

விசாரணை அதிகாரி எல்லாவற்றையும் எழுதி முடித்தார். பேனாவை மூடினார்.

"இனி ஜாமீன்தாரர்கிட்ட நான் தனியாப் பேசணும். மத்தவங்க எல்லாரும் வெளிய இருங்க. வக்கீலும்தான்."

சட்டப் பிரிவு அதிகாரி கோப்புகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தார். வக்கீல் எழுந்தார். தம்பி எழவில்லை.

"நான் இவளோட ஹஸ்பெண்ட் மேடம்."

"அதனாலதான்," என்றார் அவர். "வெளிய இருங்க."

கதவு சாத்தும்போது மணி மூன்று இருபது. பழக்கதோஷம், அக்கா கடிகாரத்தைப் பார்த்து மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

சட்டப் பிரிவு அதிகாரி போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனார். தலைமை அலுவலகத்துக்கு என்ன சொல்லப் போகிறார் என்று அக்காவுக்குத் தெரியும். நாளை காலை அவள் மேஜை இழுப்பறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அக்காவும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"நல்லாக் கெடுத்த," என்றான் தம்பி. "உன்னையும் கெடுத்துக்கிட்ட. என்னையும் தெருவுல நிக்க வெச்சுட்ட."

"போன் பண்ணுன்னு சொன்னேன்ல?"

"இப்ப என்னைப் பொய்ச்சாட்சின்னு சொல்லுவாங்களா?"

"என் வார்த்தைய மட்டும் வெச்சு முடிக்க மாட்டாங்க. அது அவ கையில இருக்கு. நீ வெளிய உக்காந்திருந்தியா இல்லையான்னு அவகிட்டதான் கேப்பாங்க."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப சொல்ல மாட்டா," என்றான். "என்ன இருந்தாலும் நான் அவ புருஷன்."

அக்கா திரும்பி அவனைப் பார்த்தாள். முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. நாற்பத்தோரு வயது. இந்த முகத்துக்காக எத்தனை தடவை 'சரி விடு' என்றிருக்கிறாள் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டாள்.

மூன்று நாற்பது ஆயிற்று. மூன்று ஐம்பது ஆயிற்று. கதவு திறக்கவில்லை. உள்ளே சத்தமும் இல்லை. நாற்பது பேருக்கு ஒழுங்காகச் செய்தேன் என்று சற்று முன் மார்தட்டினாளே, அந்த நாற்பதிலும் அவள் அரை மணியைத் தாண்டியதில்லை. ஒரு பெண்ணிடம் உண்மையாகவே கேட்டு, அவள் சொல்வதை உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டால், அரை மணி பற்றாது போலிருக்கிறது.

நாலு ஐந்துக்குக் கதவு திறந்தது. எக்ஸ்ரே வந்தாள். பையின் வாய் திறந்திருந்தது. நாலாக மடித்த காகிதம் அதில் இருந்ததா இல்லையா என்று பெஞ்சிலிருந்து தெரியவில்லை.

தம்பி துள்ளி எழுந்தான்.

"என்ன சொன்ன?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"என்னப் பத்தி என்ன சொன்ன?"

"வீட்டுச் சாவியக் குடுங்க."

"இப்ப எதுக்குச் சாவி? நானும்தானே வரப் போறேன்?"

அவள் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். நடையில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்துப் பார்த்தான். அது எடுபடவில்லை. பேன்ட் பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, ஷெட் சாவியைத் தனியாகக் கழற்றிக்கொண்டு, மிச்சத்தைக் கொடுத்தான்.

கழற்றியது எந்தச் சாவி என்பதை மூன்று பேருமே பார்த்தார்கள்.

எக்ஸ்ரே அக்காவின் பக்கம் திரும்பினாள். அக்கா எழுந்து நின்றாள். மன்னிப்பு என்று ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும், வேலையை விட்டுக் கொடுத்துவிட்டு நிற்பவள் ஒரு வார்த்தைக்கு ஏங்க மாட்டாளா?

"உள்ள நீங்க சொன்னதக் கேட்டேன்கா," என்றாள் எக்ஸ்ரே. "தேங்க்ஸ் சொல்லணும்னுதான் பார்க்கறேன். ஆறு வருஷம் கழிச்சு வந்ததுக்குச் சொல்ல வரமாட்டேங்குது."

"வேணாம்மா. சொல்லாத."

"பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து கூப்பிடணும். வரேன்."

படி இறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகும் இருவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பியூன் கதவுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"சாட்சி அறிக்கை குடுத்தவர் யாருங்க? உள்ள வாங்க. அம்மா தனியாப் பேசணுமாம்."

தம்பி ஒரு கையில் ஷெட் சாவியைப் பிடித்தபடி நின்றான். பதினொரு வயதில், பள்ளியில் சண்டை போட்டுவிட்டுத் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றபோது பார்த்த அதே பார்வையை அக்காவின் மேல் திருப்பினான்.

"அக்கா, நீயும் கூட வாயேன்."

அக்கா நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு பன்னெண்டு," என்றாள். "போ."